நாய் மோந்து பார்க்காத கஞ்சி

ரிஸ்பர் அவிதிக்கு அவள் மூக்குதான் எதிரி. கிசுமு நகரத்துக் கொண்டேலே சந்திப்பில் இருந்தது அவள் கடை. கடைக்கு முன்னால் சாக்கடை ஓடியது. அதன்மேல் பலகை போட்டு பென்டா என்பவள் சப்பாத்தி சுட்டு விற்றாள். போகிற வருகிறவர்கள் அந்த வாசனைக்கு நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு நின்றார்கள். ரிஸ்பருக்கு மட்டும் சப்பாத்தி தனியாக, சாக்கடை தனியாக என்று மூக்கு பிரித்துக் கொடுக்காது. இரண்டும் ஒன்றாகவே வந்து ஏறும்.

மூக்கு அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. அவள் ஏரிக்கரையில், டுங்காவில் பிறந்தவள். மீன் கம்பெனிக்காரர்கள் சதையை வழித்து எடுத்துக்கொண்டு தலையும் முள்ளுமாக வெளியே எறிவார்கள். அவள் அம்மா அதை வாங்கிப் பொரித்து விற்றாள். அந்த எண்ணெய்ப் புகையில்தான் பிள்ளை வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றப் பிள்ளைகள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தன. அன்று பிடித்த அருவருப்பு ஐம்பது வயதாகியும் விடவில்லை. எதைத் தொட்டாலும் கை கழுவுவாள். கழுவிய கையை மோந்து பார்ப்பாள். மறுபடி கழுவுவாள்.

ரேடியோ ரிப்பேர் பார்க்கிற நாஷோனை அவள் கட்டிக்கொண்டதற்கும் மூக்குதான் காரணம். அவன் விரலில் பற்றவைக்கிற ஈயத்தின் வாசனை மட்டும்தான் அடித்தது. அந்த ஈயக்கை ஒருநாள் சாராயக்கடைக்காரி ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு மொம்பாசாவுக்கு ரயிலேறிவிட்டது. போகிறவன் சும்மா போகவில்லை. பென்டாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். பென்டா அதை ஆறவிடாமல் கொண்டுவந்து பரிமாறினாள்.

"எத்தன சோப்பு போட்டாலும் ஒங்கிட்ட மீன் நாத்தம் போகலையாம். அவன் சொன்னான், நான் சொல்லல."

"நீ சொல்லல. கொண்டாந்த. ஈயும் அதைத்தான் செய்யும்" என்றாள் ரிஸ்பர்.

நாஷோன் விட்டுப்போன ரெக்கார்டு பிளேயரும் பழைய கம்ப்யூட்டரும் அவளுக்குச் சோறு போட்டன. பழைய இசைத்தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது அவள் தொழில். மினிபஸ்காரர்கள் வருவார்கள், பார் முதலாளிகள் வருவார்கள், சாவு வீட்டுக்காரர்கள் வருவார்கள். அவர்கள் கொண்டுவருகிற தட்டுகளைச் சொல்லக் கூசுகிறது; ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கருவாட்டுக் கூடையை மூடிய தட்டு வரும். பிள்ளை மூத்திரம் பெய்து காய்ந்த தட்டு வரும். நடு ஓட்டையில் கரப்பான் முட்டை வைத்து அடைத்த தட்டும் வரும். ஒரு மனிதர் எச்சிலைத் துப்பி, சட்டை முனையால் துடைத்து, "பாருங்க, பளபளன்னு இருக்கு" என்று நீட்டினார். அவர் போனபிறகு அந்தத் தட்டை அவள் இடுக்கியால் எடுத்தாள்.

ஊரில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். அதற்கும் காரணம் இருந்தது. அந்தப் பக்கத்துச் சனமான லுவோக்காரர் பாட்டில் ஆள் பெயர் இல்லாமல் இருக்காது. பாட்டுக்காரன் கிடாரை நிறுத்துவான்; காசு போட்டவன் எழுந்து தன் பெருமையையும் தன் ஆட்கள் பெருமையையும் சொல்வான்; மறுபடி கிடார் கிளம்பும். இதற்குப் பக்ருவோக் என்று பெயர். பழைய தட்டுகளில் இப்படிப் பெயர்கள் நிறைய. அதனால் வருகிறவர்கள் எல்லாம், "ஓடிப்போனவ பேர வெட்டிரு", "பாகத்தைத் தின்ன அண்ணன் பேர எடுத்துரு" என்பார்கள். ரிஸ்பர் வெட்ட மாட்டாள், ஒட்டவும் மாட்டாள். "சதைய வழிச்சிட்டு முள்ள விக்கிற வேலைய எங்கம்மா செஞ்சிட்டா. எங்க குடும்பத்துக்கு அது போதும்" என்று சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் வசொங்கா வந்தான். முப்பது வயசுப் பையன், வங்கியில் வேலை, இஸ்திரி போட்ட சட்டை. கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் என்ன இருக்கிறது என்று ரிஸ்பரின் மூக்குக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது.

"கோழியா?" என்றாள்.

"இல்ல அக்கா, ரெக்கார்டு. கோழிக்கூட்டுல கெடந்துச்சு. முட்டைக்கு அடியில."

"கோழிக்கூட்டுல யார் வெச்சா?"

"தெரியல. கோழியே தூக்கிட்டுப் போயிருக்காது."

ரிஸ்பர் பையைத் தொடாமல் கம்பியால் வாயை விரித்துப் பார்த்தாள். சின்னத் தட்டு. கறுப்பே தெரியவில்லை. வெள்ளையும் பச்சையுமாக அடை அடையாகக் காய்ந்திருந்தது. நடுவில் இறகு ஒன்று ஒட்டியிருந்தது.

"இதுல எங்கப்பா பேசியிருக்காரு. ஒகொல்லான்னு பேரு, அலெகோ ஊரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி, பாட்டுக்கு நடுவுல காசு போட்டுப் பேசுனாராம். போன வாரம் செத்துட்டாரு. வெள்ளிக்கிழமை ஒடம்ப ஊருக்குக் கொண்டு போறோம். பெரியம்மா வாசல்லதான் வெப்பாங்க. அப்ப அப்பா குரலு கேக்கணும்."

"பெரியம்மாவா?"

"மூத்த தாரம். ஆசெம்போலேருந்து வந்தவங்க. எங்கம்மா எளைய தாரம், நான் கைப்புள்ளையா இருக்கும்போதே வீட்ட விட்டுப் போயிட்டாங்க. பெரியம்மாதான் வளத்தாங்க. அவங்களுக்கு இன்னும் அழுகையே வரல அக்கா. கல்லு மாதிரி ஒக்காந்திருக்காங்க. அவர் குரலக் கேட்டா வந்துரும்னு நெனைக்கறேன்."

"நீ கேட்டிருக்கியா இத?"

"இல்ல. பிளேயர் கெட்டு எத்தனையோ வருசமாச்சு. ஆனா சித்தப்பாங்ககிட்டச் சொன்னேன். எல்லாரும் கொண்டா கொண்டான்னு ஒரே சிரிப்பு. ஊரே காத்திருக்கு."

அவன் போனதும் ரிஸ்பர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டாள். கையுறை போட்டுக்கொண்டாள். பாத்திரம் கழுவுகிற சோப்பும் இளஞ்சூட்டுத் தண்ணீருமாகக் கலந்து, நடுவிலுள்ள காகிதம் நனையாதபடி தட்டைச் செங்குத்தாகப் பிடித்து, சுற்றுச் சுற்றாக ஊறவைத்தாள். ஊறின கோழிப்பீயின் நாற்றம் காய்ந்ததைவிடப் பத்து மடங்கு. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பென்டா எட்டிப் பார்த்தாள்.

"என்ன டுங்காக்காரி, கொழம்பு வெக்கிறியா?"

"வா, ருசி பாரு."

பழைய பல்துலக்கியால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்தாள். குறுக்கே தேய்த்தால் தட்டு செத்தது. சோப்பை அலசி, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரால் கடைசியாக ஒரு முறை விட்டு, நிழலில் சாய்த்து வைத்தாள். பிறகு கையை முழங்கை வரை கழுவி, மோந்து பார்த்து, மறுபடி கழுவினாள்.

மறுநாள் காலை மேசையைத் தயார் செய்தாள். கொண்டேலேயில் லாரி போனால் சுவரே ஆடும், முள் குதிக்கும். அதற்காக இரண்டு சைக்கிள் டியூபைப் பாதிக் காற்றடித்துப் போட்டு, அதன்மேல் கனமான கல்பலகை வைத்து, அதன்மேல்தான் பிளேயரை உட்கார வைத்திருந்தாள். ஒரு தட்டத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து நாலு பக்கமும் மட்டம் பார்த்தாள். முள்ளைத் தாங்குகிற கையின் வாலில் இருந்த பாரத்தை மயிரிழை திருகினாள். அழுத்தினால் தட்டைக் கிழிக்கும், அழுத்தாவிட்டால் வழுக்கும். பிளேயரின் கம்பியைச் சத்தம் கூட்டுகிற சின்னப் பெட்டிக்கும், பெட்டியின் கம்பியைக் கம்ப்யூட்டருக்கும் கொடுத்தாள். உம்ம்மென்று மாட்டு ஈ மாதிரி ஓர் இரைச்சல். எர்த் கம்பியை ஜன்னல் இரும்பில் முறுக்கிக் கட்டினாள். ஈ செத்தது.

இனி அளவு. கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு ஏறி ஏறி இறங்கும்; சிவப்பைத் தொட்டால் சத்தம் பிளந்துவிடும். தட்டில் எந்த இடம் உரத்திருக்கிறதோ அந்த இடத்தை முதலில் போட்டுப் பார்த்து அளவு வைக்க வேண்டும். ரிஸ்பர் முள்ளைப் பாட்டின் நடுவில் இறக்கினாள். கிடார் ஓடியது, பச்சை பச்சையாகவே இருந்தது. கிடார் நின்றது. ஓர் ஆண் குரல் எழுந்தது. மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறான் போல. கோடு சட்டென்று சிவப்புக்குத் தாவியது.

"நான் ஒகொல்லா. அலெகோவுக்கு ஒரே காளை. ஆசெம்போலேருந்து ஒருத்தியக் கொண்டாந்தேன், புளிச்ச கஞ்சி. வாசல்ல ஊத்தி வெச்சேன், நாயும் மோந்து பாக்கல."

பிறகு ஒரு சிரிப்பு. பாட்டுக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதன்பின் தொண்டையைக் காறி ஒரு துப்பல். கிடார் ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி கிளம்பியது.

ரிஸ்பர் முள்ளைத் தூக்கினாள்.

அளவு இன்னும் சரியாகவில்லை. சிவப்பைக் குறைக்க வேண்டும் என்றால் மறுபடி அதே இடத்தைப் போட வேண்டும். போட்டாள். நாயும் மோந்து பாக்கல. இன்னும் குறைத்தாள். நாயும் மோந்து பாக்கல. ஒவ்வொரு முறையும் அந்தக் காறல் அவள் காதுக்குள்ளேயே விழுந்தது. அவள் அவ்வளவு சுத்தமாகக் கழுவியதால்தான் அந்த எச்சில் இவ்வளவு தெளிவாகக் கேட்டது. கோழி பூசியிருந்ததே மேல் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் அளவு சரியாக வந்தது. முதலிலிருந்து முள்ளை இறக்கி, பாட்டு முழுவதையும் ஏற்றிவிட்டு, வெளியே போய்ச் சாக்கடையில் துப்பினாள்.

"ஒனக்கு என்ன, வாயும் வயிறுமா?" என்றாள் பென்டா.

"ஐம்பது வயசுல வாயும் வயிறுமாகறதுக்கு ஏசு பொறக்கணும். சும்மா இரு."

சாயங்காலம் வசொங்கா வந்தான். ரிஸ்பர் அவன் காதில் ஹெட்போனை மாட்டினாள். பையன் சிரித்த முகத்தோடுதான் கேட்கத் தொடங்கினான். அந்த இடம் வந்தது. சிரிப்பு உடனே போகவில்லை. மறந்துபோய் முகத்திலேயே கிடந்தது, பிறகு மெல்ல உதிர்ந்தது.

"இது எங்கப்பாவா?"

"நீதான் சொல்லணும். எனக்கு அவரத் தெரியாது. இப்பத் தெரியும்."

"சித்தப்பாங்க எதுக்குச் சிரிச்சாங்கன்னு இப்பத்தான் புரியுது." அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "அந்த எடத்த மட்டும் வெட்டிருங்க அக்கா."

"வெட்ட மாட்டேன்."

"அக்கா, பெரியம்மா வாசல்ல போடப் போறேன். அத்தன சனம் இருக்கும்."

"நான் வெட்டுறேன்னே வெச்சுக்க. ஒஞ்சித்தப்பாங்க என்ன செய்வாங்க? இந்த எடத்துல ஒரு வரி இருக்குமே, எங்கன்னு கேப்பாங்க. அப்புறம் அவங்களே வாயால சொல்லுவாங்க, ஒம்பெரியம்மா மூஞ்சிக்கு நேரா. ரெக்கார்டுலயாவது ஒரு தரம்தான் வரும்."

"அப்ப போடவே வேணாம்."

"ஊரே காத்திருக்குன்னு நீதான சொன்ன. போடலன்னா ஏன் போடலன்னு பேசுவாங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

பையன் தலையைப் பிடித்துக்கொண்டான். ரிஸ்பருக்கு அவன் மேல் கோபம் இல்லை. நல்லது செய்ய நினைத்து எச்சில் குவளையை எடுத்துவந்த பிள்ளை. ஆனால் அவன் வெட்டு என்கிறதும், சித்தப்பாக்கள் போடு என்கிறதும் ஒரே மாதிரிதான் அவளுக்குப் பட்டது. எச்சில் யார் மேல் விழுந்ததோ அவளை ஒருவரும் கேட்கவில்லை.

"நாளைக்கு நான் அலெகோவுக்கு வர்றேன். அந்தம்மாகிட்டக் கேக்கறேன். அவங்க சொல்றபடி."

"நீங்க எதுக்கு அக்கா அவ்வளவு தூரம்?"

"ஒனக்குச் சொல்ல வாய் வருமா? வராது. எனக்கு வரும்."

மினிபஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் மீன் கூடையோடு ஒருத்தி உட்கார்ந்தாள். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி ரிஸ்பரின் செருப்பை நனைத்தது. கம்ப்யூட்டரை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டியபடியே அலெகோ போய்ச் சேர்ந்தாள்.

வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்குடல் கழுவுகிற பெண்களைப் பார்க்காமல் கண்ணைத் திருப்பிக்கொண்டு மூத்தவள் வீட்டுக்குப் போனாள். உள்ளே பாயில் ஒரு கிழவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒல்லி உடம்பு, பெரிய கை. அவள்தான் மிகல், ஊரில் ஆசெம்போக்காரி. ரிஸ்பர் தான் யார், எதற்கு வந்தேன் என்று சுருக்கமாகச் சொன்னாள். ஹெட்போனை ஸ்பிரிட்டால் துடைத்து நீட்டினாள்.

"எதுக்குத் தொடைக்கிற? எங்காதுலயா அழுக்கு?"

"பழக்கம் அம்மா."

கிழவி ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாட்டு முடிந்ததும் கழற்றிக் கொடுத்தாள்.

"கடைசில துப்புறான்."

"ஆமா."

"அது அப்ப எனக்குக் கேக்கல. சின்ன ரேடியோ எங்களது." ரிஸ்பரின் கையைப் பார்த்தாள். "நல்லாத்தான் கழுவியிருக்க."

ரிஸ்பருக்கு முகம் சுண்டிப்போனது. இந்தப் பாவத்தைத் தன் கையால் கூடுதலாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேனே என்று இருந்தது.

"ஒனக்கென்ன, புதுசா கொண்டாந்துட்டமோன்னு பாக்கறியா? அந்தப் பாட்டு வந்த வருசம் ஊர் ஊரா ரேடியோவுல ஓடுச்சு. சந்தைக்குப் போனா கஞ்சி விக்கிறவ என்னப் பாத்துட்டு பானைய மூடுவா. நாய் மோக்காத கஞ்சி வருதுன்னு பிள்ளைங்க பாடும். எம்மருமக கூட ஒரு தரம் சொன்னா, கோவத்துல. அவ எனக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டே சொன்னா."

"கோழிக்கூட்டுல நீங்கதான் வெச்சீங்களா?"

"பின்ன?"

"ஒடச்சிருக்கலாமே."

"ஒடச்சா ஒருநாளோட போச்சு. கோழி தினமும் போடும்."

ரிஸ்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடு என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவி சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரை விரலால் சுட்டினாள்.

"வசொங்கா வெட்டச் சொன்னானா?"

"சொன்னான். நான் வெட்டுறதில்ல. எதையும் சேக்கறதும் இல்ல. நீங்க போட வேணாம்னா போட வேணாம், அதக் கேக்கத்தான் வந்தேன்."

"போடணும்." கிழவி பாயில் முன்னால் நகர்ந்தாள். "நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லு. பாட்டு நின்னா, காசு போட்டவன் பேசுவான். அவன் போட்டான், பேசுனான். அதுக்கு அடுத்தாப்புல யாரு வேணாலும் காசு போடலாம், பதில் சொல்லலாம். அதான முறை?"

"அதான் முறை."

"எம்முறை வரவே இல்ல. ரெக்கார்டுக்கு நிக்கத் தெரியல. அவன் துப்பி முடிக்கறதுக்குள்ள கிடாரு ஓடிருது. நான் ரேடியோவப் பாத்து எத்தனையோ நாளு பேசியிருக்கேன், அது காதுல வாங்குச்சா? இதுக்கு நிக்கத் தெரியுமா?"

ரிஸ்பர் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "தெரியும்" என்றாள். "ஒரு பொத்தான்தான். வெட்டுறதும் இல்ல, சேக்கறதும் இல்ல. நிக்கும். மறுபடி அமுக்குனா அதே எடத்துலேருந்து போகும்."

"அப்ப வெள்ளிக்கிழமை நீ வந்து அமுக்கு. பாட்டுப் போட ஒருத்தன வெச்சிருக்காங்க, அவன் குடிகாரன். நான் எந்திரிக்கறதுக்குள்ள விட்டுருவான்."

"நான் சாவு வீட்டுக்கு வர்றதில்ல அம்மா. எங்கம்மா சாவுக்கு அப்புறம் எங்கயும் போனதில்ல. ஈ, வேர்வ, கூட்டம்... எனக்கு ஒத்துக்காது."

"நாத்தம் புடிக்காதா?"

"புடிக்காது."

"எனக்கும்தான் புடிக்காது. ஆனா நாத்தம் எங்கூட ஒரே வீட்டுல இருந்துச்சு. நான் எங்க போக?"

வெள்ளிக்கிழமை ரிஸ்பர் முதல் பஸ்ஸில் கிளம்பினாள்.

அன்று மதியம் சவக்கிடங்கு வண்டி வந்தது. பெட்டியை மூத்தவள் வாசலில் இறக்கினார்கள். பெட்டியின் மேலே முகம் பார்க்கக் கண்ணாடி. மருந்து நெடியும், வாடின பூவும், பந்தல் துணிக்கடியில் நூறு பேரின் வேர்வையுமாக ரிஸ்பரின் மூக்கில் வந்து மோதின. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தாள். பாட்டுப் போடுகிறவன் மதியத்துக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி விலக்குவது கஷ்டமாக இல்லை.

முன்வரிசையில் ஒகொல்லாவின் தம்பிகள். பெரிய தம்பி ஓடெரா கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "வசொங்கா, எங்கடா எங்கண்ணன்? பேசச் சொல்லு" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். வசொங்கா ரிஸ்பரைப் பார்த்தான். அவன் உதடு காய்ந்திருந்தது. மிகல் பெட்டியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ரிஸ்பர் போட்டாள். கிடார் கிளம்பியது, பாட்டு தெரிந்த கிழவர்கள் தோளை அசைத்தார்கள். கிடார் நின்றது. செத்தவன் குரல் பந்தல் முழுக்க விழுந்தது. அலெகோவுக்கு ஒரே காளை என்றதும் ஆரவாரம். ஆசெம்போ என்றதும் ஓடெரா தொடையைத் தட்டினான். நாயும் மோந்து பாக்கல. முன்வரிசை முழுவதும் சிரித்தது. பின்வரிசையில் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். தட்டில் இருந்த சிரிப்பும் பந்தலில் இருந்த சிரிப்பும் கலந்து எது செத்தவர்களுடையது, எது உயிரோடு இருப்பவர்களுடையது என்று தெரியவில்லை. பிறகு காறல். பெரிய ஸ்பீக்கரில் அது ஒவ்வொருவர் மேலும் தெறித்த மாதிரி இருந்தது. குழந்தையை வைத்திருந்த ஒருத்தி தன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ரிஸ்பர் பொத்தானை அமுக்கினாள்.

சத்தமே இல்லை. ஈ பறப்பது கேட்டது.

"மெஷினு கெட்டுப்போச்சா?" என்றான் ஓடெரா. "போடும்மா, போடு."

"கெடல" என்றாள் ரிஸ்பர். "நிக்குது."

மிகல் எழுந்தாள். எழுந்திருக்க நேரம் எடுத்தது. ரிஸ்பரின் விரல் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது, அசையவில்லை. கிழவி நடந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தைக் கம்ப்யூட்டர் மேல் வைத்தாள். அதைப் பார்த்ததும் கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. காசு வைத்தவள் பேசுவாள். நடுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது, அவள் பிணத்தோடு பேசினாலும் சரி. பாதிரியார்கூடக் கையைக் கட்டிக்கொண்டார். ரிஸ்பர் மைக்கைத் துடைத்து நீட்டினாள். கிழவி அதை வாய்க்குத் தள்ளியே பிடித்தாள்.

"நான் ஆசெம்போக்காரி" என்றாள். "நாய் மோந்து பாக்காத புளிச்ச கஞ்சி. எல்லாருக்கும் என்னத் தெரியும்."

பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் காளை பேசிட்டு வீட்டுக்கு வந்துச்சு. பசின்னுச்சு. அந்தக் கஞ்சியத்தான் ஊத்துனேன். குடிச்சுது. மறுநாளும் குடிச்சுது. எளையவ போனா, ஊருல உள்ளவளுகளும் போனாளுக, இது தெனமும் வந்து அந்தக் கஞ்சியவே குடிச்சுது. பல்லு போனப்புறம் நான் விரலால வழிச்சு வாயில வெச்சேன், நக்கிக்கிச்சு. சாகற அன்னைக்கும் இன்னொரு குடுக்க கஞ்சி கேட்டுச்சு."

பெட்டியைக் கையால் சுட்டினாள்.

"நாய் தொடாததக் குடிச்சு வளந்த ஒடம்புதான் இந்தா பொட்டில கெடக்கு. அது நாய்க்கு மேலயா கீழயான்னு எனக்குத் தெரியாது. நான் படிக்காதவ. அவன் தம்பிமாரு இருக்காங்க, நல்லாச் சிரிக்கத் தெரிஞ்சவங்க. அவங்களக் கேட்டுக்குங்க. அவங்களும் எங்கையால குடிச்சவங்கதான்."

முதலில் பின்வரிசையில் ஒருத்தி கெக்கென்று சிரித்தாள். அப்புறம் பெண்கள் எல்லாரும். கிழவர்கள் தடியால் தரையைத் தட்டினார்கள். ஓடெராவின் மேல்கால் கீழே இறங்கியது. அவன் தன் செருப்பை ரொம்பக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினான்.

மிகல் மைக்கை ரிஸ்பரிடம் கொடுத்தாள். "இப்பப் போடு. பாட்டு நல்ல பாட்டுதான், பாவம்."

நின்ற இடத்திலிருந்தே கிடார் ஓடியது. வசொங்கா ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தான். கிழவிக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

பாட்டு முடிந்ததும் பந்திக்குக் கூப்பிட்டார்கள். ரிஸ்பர் கம்பிகளைச் சுருட்டி, ஓடிவிடலாம் என்று எழுந்தாள். அதற்குள் மிகலே வந்தாள், இரண்டு கையிலும் சுரைக்குடுக்கையைத் தாங்கிக்கொண்டு. கேழ்வரகும் மரவள்ளியும் கலந்து புளிக்கவைத்த கஞ்சி. மேலே ஆடை கட்டியிருந்தது. ஆடையின் ஓரத்தில் ஓர் ஈ உட்கார்ந்து கால் தேய்த்தது. குடுக்கையின் விளிம்பில் முன்னால் குடித்தவர் வாய்த்தடம் தெரிந்தது. சின்ன வயசிலிருந்தே ரிஸ்பருக்குப் புளித்த கஞ்சி ஆகாது.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் சுற்றிலும் பார்த்தாள். சிரித்து ஓய்ந்த அத்தனை பேரும், ஓடெரா உட்பட, அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோந்து பார்த்துவிட்டு வைத்தால் அவள் என்ன ஆவாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

"குடி டுங்காக்காரி" என்றாள் மிகல். "இல்ல, தொடைச்சிட்டுத் தரவா?"

ரிஸ்பர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்து மடியில் செருகினாள். விரலால் ஈயை விரட்டினாள். குடுக்கையை வாங்கி வாயில் வைத்தாள். புளிப்பு பல்லின் வேர் வரை போனது. ஆடை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. ருசியாக இருந்தது என்று சொன்னால் அது பொய். நிறுத்தாமல் அடி வரை குடித்து, குடுக்கையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் அவள் மூச்சுவிட்டாள்.